தறி ஓசையும் கணினியின் காதும்: சமிக்ஞையில் இயந்திரக் கற்றல் என்ன செய்கிறது?

சேலத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் மாதங்களில் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. அவர்களில் பாதிப் பேராவது "சார், சிக்னலை ஏஐகிட்ட கொடுத்துட்டா அதுவே கண்டுபிடிச்சிடும்தானே?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்த ஒரே கேள்விக்குள் இரண்டு தவறான எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. கணினி மனிதனைப் போலவே காது கொடுத்துக் கேட்டுப் புரிந்துகொள்கிறது என்பது ஒன்று. எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினியே கற்கும் ஏஐ முறையான இயந்திரக் கற்றல் வந்துவிட்டபடியால் சிக்னல் பிராசசிங் என்னும் பழைய கணக்குப் பாடம் இனி வேண்டாம் என்பது மற்றொன்று. பெருக்கலும் கூட்டலும் தெரிந்த எவரும் பின்தொடரக்கூடிய அளவில், இவை இரண்டும் ஏன் தவறு என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

தேங்காயும் மேட்டூர் அணையும்

சூரமங்கலம் உழவர் சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் காயை விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டு, முற்றலா இளசா என்று சொல்லிவிடுகிறார். அவர் கேட்டது காற்றில் ஏற்பட்ட ஓர் அழுத்த மாற்றம், அவ்வளவுதான். இப்படிக் காலத்தோடு மாறிக்கொண்டே இருக்கும் எந்த அளவையும் சமிக்ஞை என்கிறோம். பேச்சு வழக்கில் சிக்னல் என்றாலும் அதுவே. தறியின் ஓசை, இதயத் துடிப்பைக் காட்டும் இசிஜி, மேட்டூர் அணையின் நீர்மட்டம் ஆகிய யாவும் இந்த வரையறைக்குள் அடங்கும்.

கணினிக்கு ஓசை தெரியாது, எண்கள்தாம் தெரியும். எனவே சமிக்ஞையைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் அளந்து எண்களாகக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்கு மாதிரியெடுத்தல் என்று பெயர். மேட்டூரில் நாள்தோறும் நீர்மட்டத்தைக் குறிக்கிறார்கள். அதை மாதம் ஒரு முறை மட்டும் குறித்தால், நடுவில் ஒரு வாரம் வெள்ளம் வந்து நீர்மட்டம் ஏறி, திறந்துவிடப்பட்டு இறங்கிய கதை ஏட்டில் இருக்கவே இருக்காது. பிறகு எவ்வளவு பெரிய மேதை வந்து அந்த ஏட்டைப் புரட்டினாலும் அந்த வெள்ளத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒலிக்கும் இதே கதைதான். ஒரு நொடியில் ஓர் அலை எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதை அதன் அதிர்வெண் என்றும், அதன் அலகை ஹெர்ட்ஸ் என்றும் சொல்கிறோம். ஓர் அதிர்வெண்ணைப் பிடிக்க வேண்டுமானால் அதைப் போல் இரு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் மாதிரியெடுக்க வேண்டும் என்பது ஹாரி நைக்விஸ்ட் 1928இல் சுட்டிக்காட்டி, கிளாட் ஷானன் 1949இல் நிறுவிய விதி. தொலைபேசி மரபில் குரலை நொடிக்கு 8000 முறை அளக்கிறார்கள். எனவே 4000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதுவும் அதில் தங்காது. விதியை மீறினால் இழப்போடு போவதில்லை, பொய்யும் வந்து சேர்கிறது. சினிமாவில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிகிறதே, அந்தப் பொய்தான் ஒலியிலும் இல்லாத ஒரு தாழ்ந்த ஒலியாக வந்து நிற்கும்.

ஆக, சமிக்ஞை என்பது மாறும் அளவு. கணினிக்கு அது எண்களின் வரிசை. அந்த வரிசையின் தரம் அளக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

இரைச்சல் என்பது யாருக்கு?

ஏற்காட்டுக்கு ஏறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் நின்று, குக்குறுவானின் குரலைப் பதிவு செய்கிறீர்கள் என்று கொள்வோம். பறவையோடு சேர்ந்து சில்வண்டுகளின் இடைவிடாத ரீங்காரமும், வளைவில் திரும்பும் பேருந்தின் ஹாரனும் பதிவாகும். பறவை ஆர்வலருக்குச் சில்வண்டு இரைச்சல். பூச்சிகளை ஆராய்பவருக்குப் பறவைதான் இரைச்சல். இரைச்சல் என்பது நமக்கு வேண்டாத சமிக்ஞை என்பதைத் தவிர அதற்கு இயற்கையான அடையாளம் எதுவும் கிடையாது.

இது வெறும் சொல்விளையாட்டு அன்று. கைபேசிகளில் அழைப்பின்போது இயங்கும் இரைச்சல் நீக்கிகள் மனிதப் பேச்சை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. ஒரே சீராக ஒலிக்கும் உறுமலை வேண்டாததாகக் கருதி அவை தணித்துவிடும். ஆனால் மோட்டாரின் உடல்நிலையை அறிய வேண்டியவருக்கு அந்தச் சீரான உறுமல்தான் சமிக்ஞை. ஒரு மாணவர் தறிப்பட்டறை ஒலியை வாட்ஸ்ஆப்பில் குரல்பதிவாக வாங்கி ஆராயத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். அப்படி அனுப்பப்படும் ஒலி சுருக்கப்பட்டே போகிறது. மனிதக் காதுக்குத் தேவையில்லை என்று கருதப்பட்ட பகுதிகள் வழியிலேயே கழிந்துவிடும். அவர் ஆராய்ந்தது தறியின் மிச்சத்தை.

வடிகட்டி என்பது பெருக்கிக் கூட்டும் கணக்கு

இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று நிதானமாகப் பார்ப்போம். சமிக்ஞையில் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் குறைக்கும் கருவி வடிகட்டி. பெயரைக் கேட்டால் காபி வடிகட்டி நினைவுக்கு வரும். உள்ளே நடப்பதோ தொடக்கப்பள்ளிக் கணக்கு.

மைக்கிலிருந்து 4, 5, 3, 13, 5, 3 என்று ஆறு எண்கள் வந்துள்ளன என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 13 ஒரு திடீர்த் தட்டு. இப்போது அடுத்தடுத்த மும்மூன்று எண்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்றில் ஒன்றால் பெருக்கிக் கூட்டுவோம். சராசரி எடுப்பதும் இதுவும் ஒன்றுதான். கிடைப்பவை 4, 7, 7, 7. தட்டு கரைந்து மேடாகிவிட்டது. அதே எண்களில் இரண்டிரண்டாக எடுத்து, முந்தையதை −1ஆலும் பிந்தையதை 1ஆலும் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பவை 1, −2, 10, −8, −2. இப்போது தட்டு மட்டும் கூட்டத்தில் கை தூக்கியவன்போல் தனித்து நிற்கிறது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரண்டிலும் செயல்முறை ஒன்றே: எண்களைப் பெருக்கிக் கூட்டி, ஓர் இடம் நகர்ந்து, மறுபடி அதையே செய்வது. மாறியவை பெருக்கும் எண்கள் மட்டும். அவற்றை எடைகள் என்பார்கள். எடைகள் மூன்றில் ஒன்றாக இருந்தால் வடிகட்டி தட்டைக் கரைக்கிறது. −1, 1 என்று இருந்தால் அதையே எடுத்துக் காட்டுகிறது. எந்த வேலைக்கு எந்த எடைகள் என்று கண்டுபிடித்து எழுதி வைத்ததுதான் சிக்னல் பிராசசிங் துறையின் பல பத்தாண்டு உழைப்பில் பெரும்பகுதி.

அலையைப் பிரித்துப் பார்த்தல்

ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோவிலருகே நின்றால் நாதசுரமும் தவிலும் ஒன்றாய்க் கலந்தே காதுக்கு வருகின்றன. ஆனாலும் நாம் இரண்டையும் தனித்தனியே அறிகிறோம். ஒரு கலவை அலையை வெவ்வேறு அதிர்வெண் கொண்ட எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்னும் கருத்தை, வெப்பம் பரவுவதைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் ஜோசப் ஃபூரியே விரிவாக வைத்தார். அதைக் கணினியில் விரைவாகச் செய்யும் முறையைக் கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்டார்கள். 1024 எண்களை நேரடியாகப் பிரிக்கப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும்; அவர்கள் முறையில் சில ஆயிரம் போதும்.

இதன் பயனை ஒரு மோட்டாரில் பார்க்கலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பெயர்த்தகட்டில் 1440 என்று பொறித்த மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதாவது நொடிக்கு 24 சுற்று சுழல்கிறது. சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கில் 8 குண்டுகள் இருந்து, அசையாத வெளிவளையத்தில் ஒரு கீறல் விழுந்தால், தண்டு ஒரு முறை சுற்றுவதற்குள் ஏறத்தாழ மூன்று குண்டுகள் அந்தக் கீறலைத் தாண்டும். குண்டுகளின் எண்ணிக்கையை 0.4ஆல் பெருக்கினால் வரும் 3.2 என்பது இதற்கான தோராயக் கணக்கு. நொடிக்கு 24 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 77 தட்டுகள். பட்டறை முழுக்க எவ்வளவு ஓசை இருந்தாலும், எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

அதிர்வெண்கள் நேரத்தோடு எப்படி மாறுகின்றன என்பதையும் அறிய, நீண்ட பதிவைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பிரித்து, வரிசையாக அடுக்கிப் படமாக்குகிறார்கள். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் அதிர்வெண், வலிமைக்கு ஏற்ப நிறம். இதுவே அலைமாலைப் படம், ஆங்கிலத்தில் ஸ்பெக்ட்ரோகிராம். துண்டின் நீளத்தில் ஒரு சிக்கல் உண்டு. பேச்சை ஆராய்பவர்கள் வழக்கமாக 25 மில்லிநொடித் துண்டு எடுப்பார்கள். ஆனால் அத்தனை சிறிய துண்டில் சுமார் 40 ஹெர்ட்ஸுக்குக் குறைவான வித்தியாசம் தெரியாது. 24ஐயும் 50ஐயும் பிரித்தறிய வேண்டிய மோட்டார் வேலைக்கு அதை அப்படியே இணையத்திலிருந்து எடுத்துப் போட்டால் இரண்டும் ஒரே தீற்றலாகிவிடும். ஒரு நொடித் துண்டு எடுத்தால் தெளிவாகப் பிரியும்.

சுருக்கமாகச் சொன்னால், ஓசையை எண்களாக்கினோம், எடைகளால் பெருக்கிக் கூட்டி வடித்தோம், அதிர்வெண்களாகப் பிரித்துப் படமாக்கினோம். இதுவரை கற்றல் எதுவும் நடக்கவில்லை.

கற்றல் எங்கே நுழைகிறது?

எடைகளை மனிதர் எழுதாமல், எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கணினியையே கண்டுபிடிக்கச் செய்வதுதான் இயந்திரக் கற்றல். சமிக்ஞையைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிதாக எதுவும் அதில் இல்லை என்றே சொல்வேன்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? வடிகட்டிக்குள் 2, 4 என்ற இரண்டு எண்கள் வருகின்றன. வெளியே 5 வர வேண்டும் என்பது நமக்குத் தெரியும். தொடக்கத்தில் எடைகளை 0.5, 0.5 என்று குத்துமதிப்பாக வைத்தால் விடை 1 + 2 = 3. பிழை 2. இனி ஒவ்வோர் எடையையும், பிழையையும் அந்த எடைக்குரிய எண்ணையும் 0.01 என்ற சிறு அளவையும் பெருக்கி வரும் தொகையால் கூட்டுகிறோம். முதல் எடை 0.04 கூடி 0.54 ஆகிறது, இரண்டாவது 0.08 கூடி 0.58 ஆகிறது. மறுபடி கணக்கிட்டால் விடை 1.08 + 2.32 = 3.40. பிழை 2இலிருந்து 1.6ஆகக் குறைந்துவிட்டது. ஒரேயடியாக 5க்குக் கொண்டுபோகவும் முடியும். அப்படிச் செய்தால் அடுத்த எடுத்துக்காட்டுக்கு அந்த எடைகள் பொருந்தாமல் போகலாம் என்பதால்தான், கொலுசுப் பட்டறையில் அரத்தைச் சிறிது சிறிதாக இழுப்பதுபோல், ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு போகிறார்கள்.

இந்தத் திருத்த முறை புதியதன்று. ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்ட் விட்ரோவும் அவருடைய மாணவர் டெட் ஹாஃபும் 1960இல் வெளியிட்டது இது. அந்த ஹாஃப்தான் பின்னர் இன்டெலில் முதல் மைக்ரோபிராசசரின் உருவாக்கத்தில் பங்கேற்றவர். ஒரு பக்கம், எடைகளால் பெருக்கிக் கூட்டும் செயற்கை நரம்பணுவைப் பழக்குவதற்கும், மறுபக்கம் தொலைபேசியில் நம் குரலே திரும்பிக் கேட்கும் எதிரொலியை நீக்கும் வடிகட்டிகளுக்கும் இதே முறை பயன்பட்டது. சிக்னல் பிராசசிங்கும் இயந்திரக் கற்றலும் பகையாளிகள் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பங்காளி உறவைத்தான்.

ஒரு வடிகட்டிக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான வடிகட்டிகளைப் பக்கம் பக்கமாகவும், ஒன்றின் விடை மற்றொன்றுக்குள் போகும்படி அடுக்கடுக்காகவும் வைத்தால் அது நரம்பு வலையமைப்பு. அடுக்குகளுக்கு நடுவே 'எதிர்ம எண் வந்தால் சுழியாக்கு' என்பதுபோன்ற ஒரு சிறு விதி இருக்கும். அது இல்லாவிட்டால், பெருக்கிக் கூட்டியதை மறுபடி பெருக்கிக் கூட்டுவதால் எத்தனை அடுக்கு வைத்தாலும் மொத்தமும் ஒரே ஒரு வடிகட்டிக்குச் சமமாகிவிடும். அந்தச் சிறு விதியால்தான் அடுக்குகளுக்கு மதிப்பு உண்டாகிறது.

காதா, கண்ணா?

ஏற்காட்டில் நடைபயிற்சிக்குப் போகிறவர்கள் கைபேசியை நீட்டிப் பறவையின் பெயரைத் தெரிந்துகொள்வதை இப்போது பார்க்க முடிகிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய பேர்ட்நெட் அத்தகைய ஒரு செயலி. அது ஒலியை 3 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் அலைமாலைப் படமாக்கி, அந்தப் படத்தைத்தான் நரம்பு வலையமைப்புக்குக் கொடுக்கிறது. குக்குறுவானின் திரும்பத் திரும்ப வரும் அழைப்பு அந்தப் படத்தில் சம இடைவெளியில் தைத்த தையல்போல் விழும். செம்மீசைச் சின்னானின் குரல் மேலும் கீழும் வளையும் சிறு கோடுகளாய் விழும். வலையமைப்பு அந்தக் கோலங்களை வேறுபடுத்தப் பழகியிருக்கிறது. அதற்குக் காதைவிடக் கண் என்றே சொல்லத் தோன்றுகிறது. அதுவும் உவமைதான், உள்ளே நடப்பது அதே பெருக்கலும் கூட்டலும். அதன் முன்னால் நிற்கும் மாதிரியெடுத்தலும் ஃபூரியேயின் பிரிப்பும் எங்கும் போய்விடவில்லை.

படமாக்காமல் மூல எண்களையே நேராக வாங்கிக்கொள்ளும் வலையமைப்புகளும் உண்டு. பெரும்பாலும் அவற்றுக்கு மிக அதிகமான எடுத்துக்காட்டுகள் வேண்டியிருக்கும். கல்லூரி புராஜெக்டுக்குக் கையில் இருப்பதோ அரைமணி நேரப் பதிவு.

கணினி கற்றது வேறு

அம்மாபேட்டையில் என் மாமாவின் விசைத்தறிப் பட்டறையில் நானே பட்ட அடியைச் சொன்னால் இந்தப் பகுதி எளிதாக விளங்கும். அங்கே இருக்கும் மேஸ்திரி, "சத்தம் ஒரு மாதிரி வருதுங்க, பேரிங் போகப்போவுது" என்று சொன்னால் சில நாள்களில் அது போகத்தான் செய்யும். அந்தக் காதைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். நல்ல மோட்டார்களின் ஓசையை வேலைநாள் காலையில் பதிவு செய்தேன். பழுதான மோட்டாரைக் கழற்றி வைத்திருந்ததால், அதை ஞாயிற்றுக்கிழமை, மற்ற தறிகள் நின்றிருந்த நேரத்தில் தனியே ஓட்டிப் பதிவு செய்தேன். பதிவுகளைத் துண்டு துண்டாக்கிக் கலைத்துப் போட்டு, பெரும்பகுதியைப் பழக்கவும் மீதியைச் சோதிக்கவும் பயன்படுத்தினேன். சோதனையில் ஏறக்குறைய எல்லாத் துண்டுகளையும் கணினி சரியாகச் சொன்னது. மாமாவிடம் பெருமையாகச் சொல்லியும்விட்டேன்.

அடுத்த வாரம், எல்லாத் தறிகளும் ஓடும்போது பழுதான மோட்டாரை மாட்டிப் பார்த்தால், கணினி கூசாமல் நல்ல மோட்டார் என்றது. அது பேரிங்கைக் கற்கவே இல்லை. பக்கத்தில் மற்ற தறிகளின் ஓசை கேட்டால் நல்லது, அமைதியாக இருந்தால் பழுது என்று கற்றிருந்தது. எடைகளைத் திருத்தும் கணக்கு பிழையைக் குறைப்பதை மட்டுமே அறியும். எந்த வழியாகக் குறைகிறது என்று அதற்குக் கவலையில்லை. நான் கொடுத்த எடுத்துக்காட்டுகளில் அதுதான் எளிய வழியாக இருந்தது.

சோதனை ஏன் என்னை எச்சரிக்கவில்லை? ஒரே பதிவிலிருந்து வெட்டிய துண்டுகள் பழக்கத்திலும் சோதனையிலும் இருந்தன. வினாத்தாளை முன்பே படித்துவிட்டு எழுதும் தேர்வைப் போன்றது அது. இதற்குத் தரவுக் கசிவு என்று பெயர். சில மோட்டார்களையும் சில நாள்களையும் பழக்கத்துக்குக் காட்டாமல் முழுதாக ஒதுக்கி, அவற்றில் மட்டுமே சோதித்திருக்க வேண்டும். மாணவர்கள் காட்டும் உயர்ந்த மதிப்பெண்களைப் பார்க்கும்போது நான் இப்போது முதலில் கேட்பது எந்த வலையமைப்பு என்பதையன்று. நல்லதும் பழுதும் ஒரே நாளில், ஒரே இடத்தில் பதிவானவையா என்பதைத்தான்.

இல்லாததைக் கொண்டுவர முடியுமா?

இரைச்சலில் மூழ்கிய குரலை ஏஐ மீட்டுக் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு சொல். ஒலிப்பதிவில் ஓரளவாவது குரல் இருக்கும்வரை, பழகிய வலையமைப்பு அதை வியக்கத்தக்க அளவில் பிரித்தெடுக்கும். பதிவாகாத பகுதியை அது நிரப்பும்போது, தான் கேட்டுப் பழகிய பிற குரல்களில் அந்த இடத்தில் வழக்கமாக என்ன வருமோ அதை வைத்து நிரப்புகிறது. அழைப்பில் பேசுவதற்கு அது போதும். நோயாளியின் இசிஜியிலோ ஒரு வழக்குக்கான ஒலிப்பதிவிலோ ஊகத்தைப் பதிவு என்று கொள்ளக் கூடாது.

எப்போது எது?

வேறுபாட்டை எண்ணால் சொல்லத் தெரிந்த இடத்தில் பழைய முறையே மலிவானது, ஏன் அப்படிச் சொன்னது என்று விளக்கவும் கூடியது. நூற்றுக்கணக்கான பறவைகளின் குரல் வேறுபாட்டை விதியாக எழுதச் சொன்னால் யாராலும் முடியாது; அங்கே எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்பதுதான் வழி.

மாமாவின் பட்டறையில் நான் பிறகு மைக்கை விட்டுவிட்டேன். அதிர்வை அளக்கும் சிறு சென்சாரை மோட்டாரின் உடம்பிலேயே இறுகப் பொருத்தியதால், பக்கத்துத் தறிகளின் ஓசை பெருமளவு ஒதுங்கிவிட்டது. ஒரு நொடித் துண்டுகளை அதிர்வெண்களாகப் பிரித்து, 77 ஹெர்ட்ஸை ஒட்டிய வலிமை அதே மோட்டாருக்குப் போன வாரம் இருந்ததைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன். அதில் நரம்பு வலையமைப்பு எதுவும் இல்லை. எவ்வளவு கூடினால் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்ற எல்லையை மேஸ்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் சந்தேகப்பட்ட நாள்களையும் படாத நாள்களையும் ஒப்பிட்டுத் தீர்மானித்தோம்.